காற்றுக்கும் கணக்குண்டு

நுழையும்முன்

ஒரு விளையாட்டின் விதிகளை உற்றுநோக்கினால், அதை ஆடுவோர் எதை நேர்மை என்று கருதுகின்றனர் என்பது புலப்படும். வீரருக்குக் காற்று செய்த உதவியையும் தடையையும் அளந்து, அதற்கேற்ப மதிப்பெண்ணைக் குறைத்தும் கூட்டியும் வழங்குகிறது ஒரு விளையாட்டு. அதனை முன்வைத்து எழுந்த சிந்தனையே இக்கட்டுரை.

காற்றை அறிந்த மண்

தமிழர் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டனர். வடக்கிலிருந்து வீசுவது வாடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. நாஞ்சில் நாட்டினருக்கு இப்பெயர்கள் ஏட்டுச் சொற்கள் அல்ல; அன்றாட அனுபவம். தக்கலையிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்பவர்கள் இதனை நன்கு அறிவர். தென்னையும் வாழையும் ரப்பர் தோட்டங்களும் மெல்ல விலக, ஆரல்வாய்மொழியை நெருங்கும்போது பேருந்தின் சன்னல்கள் அதிரத் தொடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று இருபுறமும் உள்ள மலைகளுக்கு இடையே ஒடுங்கி, கணவாய் வழியே விரைவதே அதற்குக் காரணம். அவ்விரைவை நம்பியே முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

காற்றோடு இவ்வளவு நெருங்கி வாழும் நான், காற்றை மதிப்பெண்ணாக மாற்றும் விளையாட்டு ஒன்றைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பனிச்சறுக்குத் தாண்டுதல் என்பது அது. ஐரோப்பாவில் மாலை மயங்கும் வேளையில் அப்போட்டி நடைபெறும்போது, இங்கே இரவு ஒன்பது மணி ஆகியிருக்கும். மார்கழிக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பார்ப்பதற்கு ஏற்ற விளையாட்டு.

பனிப்பருவத்துப் போட்டி

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் வழங்கினர். நமக்குப் பனி என்பது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. நார்வே, ஆஸ்திரியா, சுலோவேனியா, ஜப்பான் போன்ற நாடுகளிலோ அது நிலத்தையே மூடிக் கிடக்கும் வெண்மை. பனிச்சறுக்குத் தாண்டுதலுக்கான உலகக் கோப்பைத் தொடர் ஏறத்தாழ நம் கார்த்திகையில் தொடங்கிப் பங்குனியில் முடிகிறது. 1979-80ஆம் பருவம் முதல் நடைபெற்றுவரும் இத்தொடரில் ஒரு நாள் வெற்றி மட்டும் கோப்பையைப் பெற்றுத் தராது. ஒவ்வொரு போட்டியிலும் முதலிடம் பெறுபவருக்கு 100 புள்ளிகள். அடுத்தடுத்த இடங்களுக்குப் படிப்படியாகக் குறைந்து, முப்பதாம் இடத்திற்கு ஒரு புள்ளி. ஊர்விட்டு ஊர் சென்று, பருவம் முழுதும் சேர்த்த புள்ளிகளின் கூட்டுத்தொகையே வாகையரைத் தீர்மானிக்கும். பருவத்தின் நடுவே, ஆண்டு மாறும் நாள்களையொட்டி, ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உள்ள நான்கு ஊர்களில் நடைபெறும் ‘நான்கு மேடுகள்’ தொடர் 1953 முதல் புகழ்பெற்று விளங்குகிறது.

ஆட்டத்தைக் காண்போம். உயர்ந்த கோபுரத்திலிருந்து இறங்கும் நெடுஞ்சரிவின் உச்சியில், குறுக்குச் சட்டத்தின் மீது வீரர் அமர்ந்திருப்பார். காலில் அவரது உயரத்தைவிட நீளமான இரு சறுக்குப் பட்டைகள் பூட்டப்பட்டிருக்கும். பயிற்றுநர் கொடியசைத்ததும் குந்தியவாறு சரிவில் இறங்குவார். மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தை அடைந்து, சரிவு முடியும் விளிம்பில் கால்களை உந்தி எழுவார். பிறகு உடலை முன்னோக்கிச் சாய்த்து, காற்றின் மீது படுத்தவர்போல மிதப்பார். சில நொடிகளுக்குப் பின், ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் வைத்துத் தரையைத் தொடுவார். இவ்வாறு கால் வைத்து இறங்கும் முறைக்கு, இவ்விளையாட்டு வளர்ந்த நார்வே நாட்டுப் பகுதியின் பெயரால் ‘டெலிமார்க்’ என்று பெயர். மிகப்பெரிய மேடுகளில் இருநூறு மீட்டரையும் கடந்து பறக்கின்றனர். 2025 மார்ச்சில் சுலோவேனியாவின் பிளானித்சாவில் டொமென் பிரெவ்த்ஸ் 254.5 மீட்டர் பறந்து உலகச் சாதனை படைத்தார்.

தூரம் மட்டுமே வெற்றி ஆகாது. ஒவ்வொரு மேட்டிலும் ஓர் அளவுக்கோடு உண்டு. பெரிய மேட்டில் அதனைத் தொட்டால் 60 புள்ளிகள். 120 மீட்டர் அளவுக்கோடுடைய பெரிய மேட்டில், கூடுதலாகத் தாண்டும் ஒவ்வொரு மீட்டருக்கும் 1.8 புள்ளி சேரும். குறைந்தால் அவ்வாறே கழியும். 130 மீட்டர் தாண்டியவருக்குத் தூரத்திற்கு மட்டும் 78 புள்ளிகள். ஐந்து நடுவர்கள் பறத்தலின் ஒழுங்கிற்கும் இறங்கும் நேர்த்திக்கும் ஆளுக்கு 20 வரை மதிப்பெண் இடுவர். அவற்றுள் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு, எஞ்சிய மூன்றையும் கூட்டுவர்.

எதிர்க்காற்றும் பின்காற்றும்

இனிதான் காற்று வருகிறது. பாய்மரம் விரித்துச் செல்லும் படகுக்குப் பின்னிருந்து வீசும் காற்று உதவும். பனிச்சறுக்குத் தாண்டுதலில் நிலைமை நேர்மாறானது. எதிரே வீசும் காற்று வீரரின் உடலுக்கும் பட்டைகளுக்கும் அடியில் புகுந்து அவரைத் தாங்கிப் பிடிக்கும். அவர் மேலும் பல மீட்டர் மிதப்பார். பின்னிருந்து வீசும் காற்றோ அவரைத் தரையை நோக்கி அழுத்தும். பட்டத்தைக் காற்றுக்கு எதிர்முகமாகப் பிடித்து ஏற்றிய எந்தச் சிறுவனுக்கும் இந்த உண்மை விளங்கும்.

போட்டியில் வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகவே தாண்டுவர். ஒருவர் இறங்கி அடுத்தவர் புறப்படுவதற்குள் காற்று திசை மாறிவிடலாம். முன்னவரை ஏந்திக்கொண்ட காற்று பின்னவரைக் கைவிடலாம். நெடுங்காலம் இதனை நல்வாய்ப்பு, தீவாய்ப்பு என்று சொல்லி விட்டுவிட்டனர். 2009ஆம் ஆண்டுக் கோடைக்காலப் போட்டிகளில் புதிய முறை ஒன்றைச் சோதித்துப் பார்த்தனர். பின்னர் அதனை உலகக் கோப்பையிலும் ஏற்றனர். மேட்டின் ஓரமாகப் பல இடங்களில் கருவிகளை நிறுத்தி, ஒவ்வொருவரும் பறக்கும் வேளையில் வீசும் காற்றை அளக்கின்றனர். எதிர்க்காற்றால் பயனடைந்தவரின் புள்ளிகளில் ஒரு பகுதியைக் கழிக்கின்றனர். பின்காற்றால் இழந்தவருக்குச் சில புள்ளிகளைக் கூட்டுகின்றனர். ஆகவே, குறைந்த தூரம் தாண்டியவர் வெற்றி பெறுவதும் உண்டு. முதன்முறை பார்ப்பவருக்கு அது வியப்பாக இருக்கும். காற்றுக் கணக்கைப் படித்த பிறகு அதன் நியாயம் புரியும்.

இக்கணக்கு குறையற்றது என்று எவரும் கூறுவதில்லை. திடீரென எழும் சுழற்சியை எந்தச் சூத்திரமும் முழுமையாகப் பிடிக்க இயலாது. எனினும், தாண்டியது எவ்வளவு என்பதோடு எந்தக் காற்றில் தாண்டினார் என்றும் கேட்க முற்பட்டதே பெரிய மாற்றம்.

விதிகள் மாறிய வரலாறு

நேர்மை இவ்விளையாட்டில் தொடக்கம் முதலே குடிகொண்டிருக்கவில்லை. 1980களில் சுவீடன் நாட்டின் யான் பொக்லெவ், பட்டைகளின் முனைகளை விரித்து ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவில் பறந்தார். அக்காலத்தில் பட்டைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதே அழகு எனப்பட்டது. ஆதலால் நடுவர்கள் அவருடைய மதிப்பெண்ணைக் குறைத்தனர். அவரோ குறைத்த மதிப்பெண்ணையும் ஈடுகட்டும் அளவுக்கு நெடுந்தூரம் பறந்து, 1988-89 பருவத்தின் உலகக் கோப்பையை வென்றார். விரிந்த பட்டைகள் காற்றை மிகுதியாகத் தாங்குகின்றன என்பதை ஆய்வுகளும் உறுதிசெய்தன. சில ஆண்டுகளில் நடுவர்களின் அளவுகோல் மாறியது. இன்று அனைவரும் அவர் பறந்த முறையிலேயே பறக்கின்றனர்.

பெண்களுக்கு மூடியிருந்த கதவு இதனினும் கனமானது. 1924இல் நடைபெற்ற முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்கு இப்போட்டி இருந்தது. பெண்களுக்கு இல்லை. 2010இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஒலிம்பிக் நடைபெறவிருந்தபோது, பெண் வீரர்கள் நீதிமன்றத்தை நாடினர். அவர்களுள் ஒருவரான அமெரிக்காவின் லிண்ட்சே வேன் 2009இல் மகளிர் உலக வாகையர் பட்டம் வென்றவர். அவர்களை விலக்குவது பாகுபாடே என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால், முடிவெடுத்த பன்னாட்டு ஒலிம்பிக் குழு தன் ஆளுகைக்கு உட்பட்டதன்று என்று கூறிவிட்டது. 2014இல் ரஷ்யாவின் சோச்சியில்தான் பெண்கள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் தாண்டினர். ஜெர்மனியின் கரினா ஃபோக்ட் தங்கம் வென்றார். இடையில் கழிந்தவை தொண்ணூறு ஆண்டுகள். எந்தக் கருவியும் அந்தக் காற்றை அளந்து அவர்களுக்குப் புள்ளி கூட்டவில்லை.

நம் நாட்டவர் ஒருவர்

குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குத் தாண்டுதலில் இந்தியர் எவரும் பங்கேற்றதில்லை. ஆனால், பனிக்கட்டித் தடத்தில் சறுக்குவண்டியில் மல்லாந்து படுத்து விரையும் ‘லூஜ்’ என்னும் போட்டியில் ஓர் இந்தியர் ஆறு ஒலிம்பிக்குகளில் பங்கேற்றார். அவர் சிவ கேசவன். தந்தை நம் அண்டை மாநிலமான கேரளத்தைச் சேர்ந்தவர், தாய் இத்தாலியர், வளர்ந்தது இமயமலையில் உள்ள மணாலிப் பகுதியில். 1998இல் ஜப்பானின் நாகானோவில் களமிறங்கியபோது அவருக்கு வயது 16. இந்தியாவில் லூஜ் தடம் இல்லாததால், வண்டியில் சக்கரங்களைப் பொருத்தி, வாகனங்களும் ஆடுமாடுகளும் செல்லும் மலைச்சாலைகளில் சறுக்கிப் பயின்றார். 2014இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கத்தில் இருந்ததால், நாட்டுக் கொடியின்றி ஒலிம்பிக் கொடியின் கீழ்ப் போட்டியிட நேர்ந்தது. அவர் ஒலிம்பிக் பதக்கம் வென்றதில்லை. இறுதிப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ஓர் எண் மட்டும் நிற்கிறது. அவர் சறுக்கிய சாலைகள் அந்த எண்ணில் இல்லை.

மதிப்பெண்ணும் காற்றும்

பல ஆண்டுகளாக விடைத்தாள்களைத் திருத்தி வருபவன் என்னும் முறையில், இந்த எண்களைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. விடைத்தாளில் பெயர் இராது. எவருடையது என்று அறியாமல் திருத்துவதே முறை. அம்முறை தேவையானது. ஆனால், வகுப்பறையில் அமர்ந்திருப்பவர்கள் பெயரற்றவர்கள் அல்லர். விடியும் முன் தந்தையோடு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிவிட்டுப் பள்ளிக்கு வருபவர் இருக்கிறார். தாய் முந்திரி ஆலைக்குச் சென்றபின் தம்பி தங்கையரைப் புறப்படச் செய்துவிட்டு ஓடிவருபவர் இருக்கிறார். நூல்களும் தனி அறையும் அமைதியும் வாய்த்தவரும் அவர்கள் அருகிலேயே அமர்ந்திருக்கிறார். மூவருக்கும் ஒரே மேடு, ஒரே அளவுக்கோடு, காற்று மட்டும் வேறு.

பின்காற்றில் தாண்டுபவரிடம் இரக்கம் காட்டுவது இவ்விளையாட்டின் விதி அன்று. அவரும் சரிவில் இறங்கத்தான் வேண்டும். விளிம்பில் உந்தி எழத்தான் வேண்டும். நேர்த்தியாகக் கால் வைக்கத்தான் வேண்டும். அவர் இழந்ததை அளந்து தருவது சலுகை ஆகாது. அது கணக்கைச் சரிசெய்வது. இவ்விதியின் மறுபாதியே என்னை மிகுதியும் சிந்திக்கச் செய்தது. கூட்டுவதைப் போலவே கழிக்கவும் செய்கிறது அந்தக் கணக்கு. நல்ல காற்று வாய்த்தவர் தாம் பறந்த தூரம் முழுவதும் தமது ஆற்றல் என்று உரிமை கொண்டாட இயலாது. திரையில் தம் பெயரின் அருகே கழித்தல் குறியோடு தோன்றும் எண்ணைக் கண்டு எந்த வீரரும் நாணுவதில்லை. அது உண்மை என்பதை அவர் அறிவார்.

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் உங்கள் கையிலும் ஓர் எண் வந்து சேரும். அந்த எண்ணில் காற்றுக் கணக்கு இராது. அதனை எழுதிக்கொள்ள வேண்டியவர்கள் நீங்களே. உங்களை ஏந்திய காற்று எது, எவரிடமிருந்து வந்தது என்று முதலில் எழுதுங்கள். உங்களை அழுத்திய காற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். பிறகு, உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவரின் மதிப்பெண்ணைக் கேட்கும் முன், அவர் எந்தக் காற்றில் தாண்டினார் என்று கேளுங்கள்.