வெள்ளைக் கூடம்

நாவலாசிரியர் ஸாமர்ஸெட் மாமின் மனைவி ஸிரி மாம், 1927-இல் லண்டனில் தம் வரவேற்பறை முழுவதையும் வெள்ளையாக்கினார். சுவர், திரை, சோபா எல்லாம் வெள்ளை. தந்தம், பாலேடு என்று வெள்ளையிலேயே பல வகை. இதை நான் என் மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது.

பொங்கலுக்கு முன் எங்கள் கூடத்துக்கும் அதே கதி. வெள்ளையடிப்பவர் சுண்ணாம்பில் துளி நீலம் கலந்து பூசினார். ஈரத்தில் சுவர் மங்கலாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளூர நிம்மதி. "காயட்டும், பாருங்க சார்" என்றார். காய்ந்ததும் கண் கூசிற்று. மஞ்சள் திரை பரணுக்குப் போயிற்று. நாற்காலிகளுக்கு வெள்ளை உறை. பேனாவும் கையுமாக நான் அங்கே உட்காரக் கூடாதென்று உத்தரவு வேறு.

ஊரிலிருந்து அம்மா வந்தாள். அப்பா போய்ப் பதினெட்டு வருஷம். அன்று முதல் வெள்ளைப் புடவைதான். வாசற்படியிலேயே நின்று சுற்றிப் பார்த்தாள்.

"ஏண்டா, நான் கட்டியிருக்கிறது போதாதா?"

என் மனைவி பேசவில்லை. அம்மா சுவரில் சாயாமல் தூணோரம் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை மஞ்சள் திரை பழைய இடத்தில் தொங்கியது.

"வெயில் கூசுகிறது" என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல்.