பனி கேட்ட பாட்டி

சென்ற மார்கழியில் ஓர் இரவு. என் மாமியாருக்கு நல்ல காய்ச்சல். நான் அடுக்களையில் கஞ்சி காய்ச்சிக் கொண்டிருந்தேன். பாட்டிக்குத் துணையாக உட்கார்ந்திருந்தான் என் கடைக்குட்டி. நாலாம் வகுப்புப் படிக்கிறான். அவனிடம் அவர், "பனி... பனி..." என்று முனகியிருக்கிறார். பாட்டிக்குக் குளிருகிறது போலிருக்கிறது என்று நினைத்த பிள்ளை, ஜன்னலைச் சாத்தி, பீரோவிலிருந்த கம்பளியை எடுத்து வந்து கழுத்து வரை போர்த்தி விட்டான். நான் கஞ்சியோடு போய்ப் பார்த்தால், உடம்பெல்லாம் வேர்த்து, நாக்கு வறண்டு கிடக்கிறார் மனுஷி. எங்கள் சௌராஷ்டிர மொழியில் 'பனி' என்றால் தண்ணீர்!

பையன் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது.

என் மூத்த பெண்ணை எல்.கே.ஜி.யில் சேர்த்த புதிதில் அவள் வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். "வீட்டுல வேற பாஷை பேசுறீங்களா? அதை விட்டுடுங்க. பிள்ளை குழம்பிப் போகுது" என்றார் டீச்சர். படிப்பு விஷயமாயிற்றே! அன்றைக்கே நிறுத்தினேன். நாளடைவில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இடையில்கூடத் தமிழே பழக்கமாகி விட்டது. மாமியார் அப்போது பரமக்குடியில் கொழுந்தன் வீட்டில் இருந்தார். ஆறு மாதம் முன்புதான் எங்களிடம் வந்தார். பேரனோடு தமிழில் நன்றாகவே பேசுவார். ஆனால் ஜுர வேகத்தில் நாக்கு எந்த மொழியைத் தேடும்? தாய் கற்றுக் கொடுத்ததைத்தானே!

உடம்பு தேறியதும் பொங்கல் விடுமுறையில் மூன்று பேருமாக ஆட்டோ பிடித்துக் கிளம்பினோம். மதுரையிலேயே இருந்துகொண்டு மதுரையைச் சுற்றிப் பார்க்க!

தெப்பக்குளத்திலிருந்து காமராஜர் சாலை வழியாக வந்தால் சௌராஷ்டிரா பள்ளிக்கூடம். பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த பையன், "பாட்டி, இது உங்க பாஷை ஸ்கூலா?" என்றான். பாட்டி சிரித்தார். "பேரு நம்ம பேருடா. பாடம் தமிழும் இங்கிலீஷும்தான்."

அவர் சொன்னது சரிதான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் சௌராஷ்டிரம் ஒரு பாடமாக இல்லை. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் இல்லை. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று 1956-ல் சட்டத்தில் ஒரு பிரிவே (350-ஏ) சேர்த்தார்கள். ஆனாலும் சொந்த எழுத்து மறந்து போன மொழிக்குப் புத்தகம் எங்கே, வாத்தியார் எங்கே?

எழுத்து இல்லாமல் இல்லை. இதே மதுரையில் டி.எம்.ராமராய் என்ற பெரியவர் (1852-1913) சௌராஷ்டிர எழுத்துக்களை ஒழுங்குபடுத்தி, அச்சுக்குக் கொண்டு வந்து, பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களும் போட்டார். பிறகு, "நம் எழுத்தா, தேவநாகரியா?" என்று பெரியவர்களுக்குள் பிணக்கு. கடைசியில் ஜனங்கள் கையில் நின்றது தமிழ் எழுத்துத்தான். 2008-ல் கம்ப்யூட்டருக்கான யூனிகோடில் சௌராஷ்டிர எழுத்துக்கு இடம் கிடைத்து விட்டது. இன்று செல்போனில்கூட அதை எழுத வழி உண்டு. எழுதத் தெரிந்த கைதான் குறைவு!

அங்கிருந்து திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனோம். 1636-ல் எழுந்த அந்தத் தூண்களைப் பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். நாங்கள் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களுக்குள் நுழைந்தோம். குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலிருந்து புறப்பட்டு, பல தலைமுறை வழியில் தங்கித் தங்கித் தெற்கே வந்த பட்டு நெசவாளர்கள் எங்கள் முன்னோர். நாயக்கர் காலத்தில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே குடியமர்ந்தார்கள். 

"காலையில இந்தத் தெருவுல நுழைஞ்சா தறிச் சத்தம் காதை அடைக்கும்" என்றார் மாமியார். இப்போது மோட்டார் சைக்கிள் சத்தம்தான். ஒரு திண்ணையில் இரண்டு பாட்டிகள் எங்கள் மொழியில் பேசிக் கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், என் மாமியார் ஒட்டிக் கொண்டார். அரை மணி நேரம் சிரிப்பும் பேச்சும். என் மகன் வேடிக்கை பார்த்தான், சினிமாவில் பாதியில் நுழைந்தவன் மாதிரி. "பாட்டி இவ்ளோ பேசுவாங்களாம்மா?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் அவர் அளந்து அளந்துதான் பேசுவார். 

மறுநாள் அழகர்கோவில் போகும் சாலையில் காதக்கிணற்றுக்குப் பஸ் ஏறினோம். நகரத்தைத் தாண்டியதும் காற்றே மாறி விடுகிறது. தூரத்தில் அழகர் மலை. காதக்கிணற்றில் நடன கோபால நாயகி சுவாமிகளின் சந்நிதி இருக்கிறது. மதுரையில் 1843-ல் பிறந்து 1914-ல் மறைந்த மகான். பெருமாளை நாயகனாகவும் தம்மை நாயகியாகவும் பாவித்து, சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் பாடியவர். பள்ளிக்கூடம் காப்பாற்றாத மொழியை இத்தனை காலம் காப்பாற்றி வருபவை இவர் பாட்டுக்களும் எங்கள் அடுக்களைகளும்தான் என்பேன்.

மாமியார் பையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். தமிழ் எழுத்துத்தான். ஆனால் சில எழுத்துக்களின் தலையில் 2, 3, 4 என்று எண்கள், சிலவற்றின் பக்கத்தில் இரண்டு புள்ளிகள். தமிழில் இல்லாத ஒலிகளைக் காட்ட இந்த ஏற்பாடு. பையன் எட்டிப் பார்த்து, "பாட்டி, இது கணக்குப் புத்தகமா?" என்றான்! சிரித்து முடித்து, ஒவ்வொரு எழுத்தாக அவர் சொல்லிக் கொடுக்க, அவனும் தொண்டையை அழுத்தி அழுத்திச் சொல்லிப் பார்த்தான். பஸ் வருவதற்குள் மூன்றுக்கு 'தீன்', நாலுக்கு 'சார்', ஐந்துக்கு 'பாஞ்ச்' என்று எண்ணக் கற்றுக் கொண்டு விட்டான். கொண்டு போயிருந்த புளியோதரைக்கு எங்களில் 'அம்பட் பாத்' என்று பெயர். அதை மட்டும் ஒரே தரத்தில் பிடித்துக் கொண்டான்!

சகோதரிகளே, இது ஏதோ ஒரு சமூகத்துக் கதை என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் தாய்மொழி என்று எழுதியவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர். ஆனால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிறவர்களுக்கும், வெளிமாநிலத்தில் தமிழ்ப் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும் இதே கவலைதான். வீட்டில் இரண்டு மொழி கேட்டால் பிள்ளைக்குப் பேச்சு தாமதப்படும், படிப்பு கெடும் என்று நான் பயந்தது வீண் பயம். குழந்தைகள் இரண்டையும் கலந்து பேசிப் பிறகு தாமாகவே பிரித்துக் கொள்வார்கள். பேச்சு உண்மையிலேயே தாமதமானால் டாக்டரிடம் காட்டுங்கள், மொழியை நிறுத்தாதீர்கள்.

தமிழ் உச்சரிப்புக்கு ஊரே உதாரணம் காட்டும் டி.எம்.சௌந்தரராஜன் மதுரைச் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளைதானே! 'காதுகள்' நாவலுக்காக 1993-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்ற கும்பகோணத்து எம்.வி.வெங்கட்ராமும் எங்களவர்தான். வீட்டு மொழி இவர்கள் தமிழைக் கெடுத்து விட்டதா என்ன?

நியூஸிலாந்தில் மாவோரி மக்கள் 1982-ல் ஒரு காரியம் செய்தார்கள். பள்ளி வயது வராத குழந்தைகளைத் தாத்தா பாட்டிகளோடு உட்கார வைத்து, அங்கே மாவோரி மட்டுமே பேசச் செய்தார்கள். 'மொழிக் கூடு' என்று அதற்குப் பெயர். பெரிய செலவு வேண்டாம். பேசத் தெரிந்த ஒரு பாட்டி போதும்.

எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு கூடு உண்டு. ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் தமிழ் கிடையாது. மகள், "பப்ளிக் எக்ஸாம் வருதும்மா" என்று முதலில் முணுமுணுத்தாள். இப்போது அவளே தம்பியைத் திருத்துகிறாள். நானும் பல வார்த்தைகளை மாமியாரிடம் கேட்டுக் கேட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. மறந்தது பிள்ளைகள் மட்டுமில்லை!

போன வாரம் பையன் பள்ளியிலிருந்து வந்து பையைத் தூக்கிப் போட்டு, "பாட்டி, பனி!" என்றான். மாமியார் முழங்கால் வலியைக்கூடப் பாராட்டாமல் எழுந்து போய்ச் சொம்பில் கொண்டு வந்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பாட்டி இருந்தால், இன்றைக்கே பேச்சுக் கொடுங்கள். காய்ச்சல் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.