இது யாருடைய சேவை?

ராத்திரியில் ஒரு சேவை விழுந்தால் முதலில் வரும் கேள்வி, “இது யாரோடது அண்ணே?” என்பதுதான். பட்டர்வொர்த்தில் கன்டெய்னர் லாரிகளின் போக்குவரத்துக்கு மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில், கோளாறைச் சரிசெய்வதைவிட அந்தக் கேள்விக்குப் பதில் தேடவே அதிக நேரம் போய்க்கொண்டிருந்தது. டெவலப்பர் போர்ட்டல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது அதனால்தான்.

ஸ்பாட்டிஃபை தன் பொறியாளர்களுக்காகக் கட்டி, 2020 மார்ச்சில் திறமூலமாக வெளியிட்ட பேக்ஸ்டேஜை அதற்கு எடுத்துக்கொண்டோம். டெலிவரிக்கு ஆர்கோ சிடி ஏற்கெனவே இருந்தது. கிட்டில் எழுதியிருப்பதை அப்படியே குபெர்நெட்டஸில் கொண்டுவந்து நிறுத்துவது அதன் வேலை. பேக்ஸ்டேஜை எழுப்புவது பெரிய காரியமில்லை. தரவுத்தளத்தை போஸ்ட்கிரஸுக்கு மாற்றி, அலுவலக லாகினை இணைத்தால் முகப்பு வந்துவிடும். பேக்ஸ்டேஜையும் ஆர்கோவையும் ஒன்றோடொன்று தைப்பதில்தான் உழைப்பு.

ஒவ்வொரு ரெப்போவிலும் கேட்டலாக்-இன்ஃபோ என்ற யாம்ல் கோப்பு ஒன்று இருக்கும். சேவையின் பெயர், வகை, உரிமையாளர், சில அன்னோட்டேஷன்கள், அவ்வளவுதான். அதில் குபெர்நெட்டஸ்-ஐடி என்று கொடுக்கும் மதிப்பு, கிளஸ்டரில் உள்ள டிப்ளாய்மென்ட்டிலும் பாட்களிலும் லேபிளாக எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். ஒரு ஹைஃபன் மாறினாலும் போர்ட்டல் பிழை என்று சொல்லாது. சேவையின் பக்கத்தில் குபெர்நெட்டஸ் பகுதி வெறுமையாக நிற்கும். டிப்ளாய்மென்ட்டில் மட்டும் லேபிள் வைத்து பாட் டெம்ப்ளேட்டை விட்டுவிட்டால், பாட்கள் கண்ணில் படாது. கிளஸ்டரில் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், போர்ட்டலில் அது தெரியாது. இந்த மௌனம் பிழைச் செய்தியைவிட ஆபத்தானது.

அதனால் லேபிளை யாரும் கையால் எழுதக்கூடாது என்று வைத்தோம். புதிய சேவை வேண்டுமானால் போர்ட்டலில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். ரெப்போ உருவாக்குவது, ஹெல்ம் சார்ட்டை நிரப்புவது, கேட்டலாக்கில் பதிவது, ஆர்கோவுக்கான கோப்பைப் புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்புவது எல்லாம் அந்தப் படிவத்துக்குப் பின்னால் இருக்கும் டெம்ப்ளேட்டின் பொறுப்பு. பெயர் ஒருமுறைதான் தட்டப்படுகிறது.

போர்ட்டலிலேயே டிப்ளாய் பொத்தான் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. கிளஸ்டரைப் படிக்க மட்டுமே போர்ட்டலுக்கு அனுமதி. மாற்றம் கிட் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு வாசல் வைத்தால் எது எந்த வாசலில் நுழைந்தது என்று கோளாறு நேரத்தில் யார் சொல்வது?

உரிமையாளர் என்ற இடத்தில் ஆள் பெயர் போடுவதையும் நிறுத்தினோம். இங்கே நல்ல பொறியாளருக்குப் பாயான் லெப்பாஸிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ அழைப்பு வந்துகொண்டேதான் இருக்கும். ஆள் போனாலும் குழு இருக்கும். குழுவின் பெயரையே எழுதுகிறோம். பட்டியலில் இல்லாத குழுவைக் குறிப்பிட்டால் மெர்ஜ் நடக்காது.

பழைய சேவைகள் சிலவற்றுக்கு யாருமே முன்வரவில்லை. எங்கள் பிளாட்ஃபார்ம் குழுவின் பெயரைப் போட்டுவிடலாம் என்று யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. எங்கள் பெயரைப் பார்த்தால் அதோடு எல்லாரும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். உரிமையாளர் கட்டத்தைக் காலியாக விடவும் பேக்ஸ்டேஜ் அனுமதிக்காது. எனவே ‘உரிமையாளர் இல்லாதவை’ என்றே ஒரு குழுவை உண்டாக்கி அவற்றை அதில் சேர்த்தோம். திங்கள்கிழமைக் கூட்டத்தில் திரையில் முதலில் வருவது அந்தப் பட்டியல்தான்.