மொட்டை டயர்

எங்கள் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய சில வீட்டு வாசல்களில் இப்போது டயர்த் தொட்டிகள் வந்துவிட்டன. கார் டயரின் உள்பக்கத்தை வெளியே புரட்டி, விளிம்பை இதழ் இதழாக வெட்டி, மஞ்சள், நீலம் என்று எனாமல் பெயின்ட் அடித்து, நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வைத்திருக்கிறார்கள். வருண லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பூ கண்ணில் படுவதற்கு முன்னால் ரப்பர் வாசனை வந்துவிடும். பெரியப்பாவின் பஞ்சர் கடை வாசனை அது.

கடை செங்கம் ரோட்டில் இருந்தது. தகரக் கூரை. சுண்ணாம்பால் 'பஞ்சர்' என்று எழுதித் தொங்கவிட்ட ஒரு டயர். உள்ளே அரை டிரம் தண்ணீர். பௌர்ணமி என்றால் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். வெளியூர் வண்டிகள் வந்தபடி இருக்கும். காற்றடித்த டியூபைத் தண்ணீரில் அமுக்கிச் சுற்றிக்கொண்டே வருவார் பெரியப்பா. குமிழி கிளம்பிய இடத்தில் வத்திக்குச்சியைச் செருகி அடையாளம் வைப்பார். கடைக்குப் பின்னால் மொட்டை டயர்கள் ஆள் உயரத்துக்குக் கிடக்கும். பட்டன் தேய்ந்து, ரீபட்டன் போடவும் லாயக்கில்லாமல் உள்நூல் தெரியும் டயர்கள். அவற்றை யாரும் குப்பை என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அதுக்கு இன்னும் ஆயுசு கீதுடா" என்பார்.

அந்த ஆயுசைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முதல் ஆள் செருப்புக்காரர். லாரி டயரைத்தான் தொடுவார். நாள் முழுக்கத் தீட்டித் தீட்டி ஒடுங்கிப்போன கத்தி ஒன்று வைத்திருப்பார். அதைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் ரப்பரில் இறக்குவார். காய்ந்த கத்தியை ரப்பர் பிடித்துக்கொள்ளும். தரையில் ஓடிய பகுதி அடிக்கு. உள் அடுக்கை உரித்தெடுத்தால் வார். நாலைந்து ஆணி. அவ்வளவுதான் செருப்பு. மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர்களும் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களும் அதைத்தான் போடுவார்கள். சீமைக்கருவேல முள் அதில் ஏறாது. மழை பெய்த மண் பாதையில் அந்தத் தடத்தைப் பார்த்தால் ஏதோ குட்டி லாரி ஒன்று நடந்து போனதுபோல இருக்கும். வியட்நாம் போரில் அந்நாட்டு வீரர்கள் காட்டிலும் மேட்டிலும் நடந்ததும் இதே மாதிரி டயர்ச் செருப்பில்தான் என்று பிற்பாடு படித்தபோது, எங்கள் செருப்புக்காரரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து மாடு வைத்திருப்பவர்கள். பெரிய டயரைப் புரட்டிப் போட்டால் கழுநீர்த் தொட்டி; மாடு முட்டினாலும் உடையாது. வண்டிக்காரர்கள் வந்தார்கள். கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தபோது மாட்டின் கழுத்துக்குக் கிடைத்த நிம்மதி பெரிது. அந்த நிம்மதியைப் பெரும்பாலும் தந்தது காரிலும் லாரியிலும் ஓடிக் களைத்த பழைய டயர். அறுந்த டியூபும் வீணாகாது. சைக்கிள் கேரியரில் பால் கேனைக் கட்ட, பம்ப் செட் குழாயில் ஒழுகும் இடத்தைச் சுற்ற, உண்டிவில்லுக்கு வார் வெட்ட என்று எல்லாவற்றுக்கும் டியூப்தான்.

நாங்கள் நீச்சல் பழகியதும் லாரி டியூபில்தான். கிணற்று மேட்டிலிருந்து அதை முதலில் வீசிவிட்டுப் பின்னாலேயே குதிப்போம். அதன் பித்தளை வால்வு விலாவில் கீறாத பையன் எங்கள் தெருவில் இல்லை. இப்போது கார்களுக்கு டியூபே கிடையாது. டயர் ரேடியல் ஆகிவிட்டது. ரேடியல் என்றால் ஓடுகிற பட்டைக்கு அடியில் இரும்புக் கம்பி வலை இருக்கும். செருப்புக்காரரின் கத்தி அதில் இறங்காது. பழைய நைலான் டயர் அருகிப்போனதும் அவர் தொழிலும் அருகிப்போனது. சந்தையில் இன்று டயர்ச் செருப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வேலை இல்லாத டயருக்கு நெருப்பு ஒன்றுதான் மிச்சம். மார்கழி விடியலில் எங்கள் ஊருக்குத் தனி அழகு உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் அடி அண்ணாமலை என்பது ஊரின் நம்பிக்கை. அவருக்கு இங்கே கோயிலும் இருக்கிறது. மாதம் முழுக்க அந்தப் பாட்டோடு விடியும். மாதத்தின் கடைசி நாள் போகி. அன்றைக்கு மட்டும் பாட்டோடு டயர்ப் புகையும் சேர்ந்து எழும். மேளம் அடித்துக்கொண்டு நாங்களும் சைக்கிள் டயரைத் தீயில் போட்டோம்; பெரியவர்கள் லாரி டயரைப் போட்டார்கள். பனி விலகாத நேரத்தில் கரும்புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கிடக்கும். பாட்டி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கோலம் போடுவாள். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் பனியும் புகையும் கலந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தடுமாறின. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷா வருஷம் டயரைக் கொளுத்தாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறது. பெரியப்பா எந்த வாரியமும் சொல்லாமலே போகிக்கு முந்தின நாள் கடைக்குப் பின்புறம் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்.

கடைப் பலகையில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருந்தது. சின்ன வயதில் ஒட்டுப் போடுவதற்குப் பெயர் அது என்று மட்டும் தெரியும். 1839இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றியபோது கிடைத்த வித்தை அது. வெயிலில் இளகி, குளிரில் விறைத்துப்போகும் ரப்பர், கந்தகம் சேர்ந்ததும் உறுதிப்பட்டது. ரப்பரின் இழைகளைக் கந்தகம் ஒன்றோடொன்று கட்டிப்போட்டுவிடுகிறது. அந்தக் கட்டு எளிதில் அவிழாது. அதனால்தான் பிளாஸ்டிக் குடத்தை உருக்கி இன்னொரு குடம் வார்ப்பதுபோல டயரை உருக்கி டயர் வார்க்க முடிவதில்லை. பெரியப்பா சொன்ன ஆயுசு இதுதான். டயரின் பலமும் அதன் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

தமிழ்நாட்டுக்கு இது அடுத்தவர் பிரச்சினை இல்லை. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1960களில் டயருக்கு வந்தது. இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய்கண்டிகை, மதுரை என்று டயர் பிறக்கும் ஊர்கள் நம்மிடம் நிறைய. தேய்ந்த டயரைத் திரும்பப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பு, தயாரித்தவருக்கும் இறக்குமதி செய்தவருக்கும் உண்டு என்று 2022 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. தூளாக்கித் தாரோடு கலந்து ரோடு போடலாம், விரிப்பு செய்யலாம். ஆனாலும் காயலான் கடைக்கும் போகாமல் கொல்லையில் கிடக்கும் டயர் நம் பொறுப்புதான்.

மறுபயன்பாடு என்று பெயர் வைத்துவிட்டால் எதுவும் செய்யலாம் என்பதில்லை. 1972இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரம், மீன்களுக்குப் பவளத்திட்டு அமைப்பதாகச் சொல்லி ஏறக்குறைய 20 லட்சம் டயர்களைக் கடலில் இறக்கினார்கள். கட்டியிருந்த கட்டுகள் அறுந்தன. டயர்கள் அலையில் உருண்டுபோய், உயிரோடு இருந்த பவளத்தை இடித்தன. அவற்றை வெளியே எடுக்கும் வேலை பல வருஷங்களாக நடக்கிறது.

வாசல் தொட்டி அத்தனை பெரிய காரியம் இல்லை; அதற்கும் முறை இருக்கிறது. எங்கள் தெருவில் தொட்டி செய்வது சித்தப்பா மகன்தான். "பக்கவாட்டுல மட்டும் கத்தி வெக்கணும்ணா, நடுவுல கம்பி கீது" என்பான். டயரை முதலில் வெயிலில் போட்டு இளக விடுவான். மேல் பக்கவாட்டைச் சோப்புத் தண்ணீர் தொட்ட கத்தியால் வளைத்து வெட்டி எடுப்பான். பிறகு இரண்டு பேர். ஒருவர் முழங்காலால் அழுத்த, இன்னொருவர் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். அசையவே அசையாது, திடீரென்று ஒரு பக்கம் புரண்டதும் மற்றதெல்லாம் தானாகப் புரளும். கீழ்ப்பகுதியில் துளைகள். உடைந்த ஓடு, தேங்காய் மட்டை, மேலே செம்மண், சாணி எரு. வெளிர் நிறப் பெயின்டைத்தான் நான் சிபாரிசு செய்வேன். அக்கினி நட்சத்திரத்தில் கறுப்பு ரப்பர் வேரை வேகவைத்துவிடும்.

பூச்செடி வையுங்கள், துளசியைச் சுவாமிக்கு வையுங்கள். கீரையும் தக்காளியும் வேண்டாம் என்பது என் கட்சி. டயரில் துத்தநாகமும் வேறு பல ரசாயனங்களும் இருக்கின்றன. டயரில் சேர்க்கும் ஒரு பொருளிலிருந்து உண்டாகும் நஞ்சுதான் அமெரிக்க ஓடைகளில் சால்மன் மீன்களைக் கொன்றது என்று 2020இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தொட்டிக் கீரைக்கும் அதே கதி என்று நான் சொல்லவில்லை. மண் சட்டி கிடைக்கிற ஊரில் சாப்பிடுகிற செடிக்கு டயர் எதற்கு?

குழந்தைகளுக்கு டயர் கொடுக்கலாம். ஐ.ஐ.டி. கரக்பூரில் கட்டடக்கலை படித்த பூஜா ராய் தொடங்கிய ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ், பெங்களூரிலிருந்து பல மாநிலங்களுக்குப் போய்ப் பழைய டயர்களால் விளையாட்டுத் திடல் அமைத்துத் தருகிறது. பாதி மண்ணில் புதைத்த டயர் வரிசையில் ஏறி இறங்கும் பிள்ளைகளின் படத்தைப் பார்த்தபோது, குச்சியால் தட்டி நாங்கள் டயர் ஓட்டிக்கொண்டு போன தெருதான் மனதில் ஓடியது. நம் ஊர்ப் பள்ளிகளிலும் இது வர வேண்டும்.

டெங்கு வந்த ஒரு மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர் அம்மா ஒருவர் டார்ச்சோடு கடைக்கு வந்தார். டயருக்குள் வெளிச்சம் அடித்துப் பெரியப்பாவைக் கூப்பிட்டார். "பாருங்கய்யா." உள் வளைவில் தேங்கிய ஒரு கை தண்ணீரில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. கவிழ்த்தாலும் அந்த வளைவிலிருந்து தண்ணீர் முழுக்க வராது. ஏடிஸ் கொசு தண்ணீரின் விளிம்பில், உள்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அது காய்ந்தபடி மாதக்கணக்கில் காத்திருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆசியாவிலிருந்த புலிக்கொசு அமெரிக்கா வரை பரவியதே பழைய டயர் ஏற்றிய கப்பல்களில்தான். அன்று மாலையே பெரியப்பா துளைபோடும் கருவியை எடுத்து எல்லா டயரிலும் ஓட்டை போட்டுவிட்டார். செருப்புக்காரருக்கு ஒதுக்கிவைத்ததைக்கூட விடவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு டயர் இருக்கும். கொல்லையில் சாய்ந்திருக்கும், மாடியில் கிடக்கும், தார்ப்பாய் பறக்காமல் கூரைமேல் பாரமாக உட்கார்ந்திருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதைத் தேடி எடுங்கள். உள்சுவரைத் தேய்த்துக் கழுவி, துளை போட்டு, செடியோ ஊஞ்சலோ ஏதோ ஒரு வேலை கொடுங்கள். முடியாவிட்டால் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். போகிக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.