சிறுகிழங்கு

மார்கழியில் நந்தனம் வீட்டுக்குள் திருநெல்வேலி மண் வந்துவிடும், சிறுகிழங்கோடு. ஐந்தாறு மாதம் பூமிக்குள் இருந்தது. அம்மா அதைச் சாக்கில் போட்டு, துவைகல்லில் தேய்த்துத் தோலெடுப்பாள். விரல் கறை இரண்டு நாள் போகாது.

ஜப்பானியர் ஒரு பொருளின் ருசி உச்சம் கொள்ளும் பருவத்தை 'ஷுன்' என்கிறார்கள். இலையுதிர்காலத்தில் புத்தரிசியோடு கஷ்கொட்டை சேர்த்துச் சோறாக்குகிறார்கள். அம்மாவிடம் அதற்குத் தனிச் சொல் இல்லை. "இப்பந்தான் வந்திருக்கு" என்பாள்; அதற்குமேல் விளக்கம் கிடையாது. தை கழிந்தால் கேட்கவும் மாட்டாள்.

இந்த வருஷம் அவள் இல்லை. தி.நகரில் அரைக் கிலோ வாங்கினேன். வீட்டில் சாக்கு இல்லை. கத்தியால் சீவினேன், பாதிக் கிழங்கு தோலோடு போயிற்று. மிஞ்சியதைப் பொரியல் செய்து தின்றேன்.

ருசி அப்படியேதான் இருந்தது. அவள் இல்லாமலும் அப்படி இருந்ததுதான் சங்கடம்.