படகும் தோடும்

சென்ற ஞாயிறன்று மாலை, உயர்கல்வி பயிலும் எம் மகள் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். கொள்ளைநோயால் உலகமே முடங்கிக் கிடந்த 2020ஆம் ஆண்டில், அமெரிக்காவில் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய இயந்திரப் படகுகள் விற்பனையாயினவாம். மறு ஆண்டில் கோடீசுவரர்களின் பெரிய உல்லாசப் படகுகளும் மிகுதியாக விலைபோயினவாம்.

"தொழிலின்றிச் சனங்கள் தவித்த காலத்தில் இவற்றை வாங்கியவர்கள் யார், அப்பா?" என்று கேட்டாள்.

நாம் இரத்தினபுரித் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். படகு என்றால், களுகங்கை பெருகித் தெருக்கள் ஆறாகும்போது ஆட்களை மீட்க வருமே, அதுதான் எமக்குத் தெரியும். 2017ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்தில் கண்டதும் அதுவே. எனினும், மகளின் வினாவுக்கு விடை எம் வீட்டிலேயே இருந்தது.

2022ஆம் ஆண்டு மே மாதத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசை, கோதுமை மாவோ கைக்கெட்டாத விலை. மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டது. இல்லாள் ஒன்றும் பேசாமல் தன் தோடுகளைக் கழற்றிக் கையில் வைத்தாள். நாம் பட்டணத்துக்குச் சென்று அவற்றை அடகு வைத்தோம். எதிர்பார்த்ததிலும் கூடுதலான பணம் கிடைத்தது! அந்தக் கணம் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பானேன்?

திரும்பும் வழியில் தெமுவாவத்தை மாணிக்கச் சந்தையைக் கடந்தோம். வியாபாரிகள் நீலக்கற்களை வெயிலில் உயர்த்திப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தனர். நாடே கடனடைக்க வழியின்றி நின்ற வேளையில் இங்கே வாணிபம் நடப்பது எப்படி என்று அன்று வியந்தோம்.

கணக்கைப் பின்னரே உணர்ந்தோம். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியிருந்தது. ஆயிரம் டொலர் பெறும் நீலக்கல் இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதினாயிரமாயிற்று. 2021ஆம் ஆண்டில் போராடிப் பெற்ற ஆயிரம் ரூபாய் நாட்கூலியோ ஐந்து டொலரிலிருந்து மூன்று டொலருக்கும் கீழே இறங்கிற்று. ஒரே சரிவுதான், கல் வைத்திருந்தவர் ஏறினார், கூலியை நம்பியவர் இறங்கினார். குழிக்குள் இறங்கி மண் சுமப்பவருக்குங்கூட, கல் அகப்பட்டால்தானே பங்கு?

எமது தோட்டுக்குக் கூடுதல் பணம் கிடைத்ததும் இதே காரணத்தால்தான். உயர்ந்தது தோடு அன்று; தாழ்ந்தது ரூபாய். அந்தப் பணமும் மாவாகவும் பரீட்சைச் செலவாகவும் சில வாரங்களில் கரைந்தது. வட்டி ஏறிற்று. தோடுகளை மீட்க முடியவில்லை.

படகு வாங்கியோர் கதையும் இத்தகையதே. 2020இல் அமெரிக்காவில் வட்டி குறைந்தது. வீழ்ந்த பங்குகளின் விலை மீண்டும் ஏறியது. பயணம் தடைப்பட்டதால் வசதி படைத்தோரிடம் பணம் தேங்கியது. கூட்டமில்லாத நீர்ப்பரப்பே பாதுகாப்பெனவும் தோன்றியது. ஆகவே படகுகள் விலைபோயின. வேலை இழந்த பணியாளர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

எனவே மாணவச் செல்வங்களே, நாடு தாழ்ந்தது என்று கேட்டால், யார் தாழ்ந்தார் என்று வினவுங்கள். ஆடம்பரப் பொருள் அமோகமாக விற்கிறது என்று கேட்டால், நல்ல காலம் பிறந்துவிட்டதென உடனே நம்பிவிடாதீர்கள். அடகுக் கடையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இவற்றை நாம் சொல்லி முடித்ததும், மகள் தாயின் முகத்தை நோக்கினாள். இல்லாளின் காதுகளில் இன்றும் ஈர்க்குத் துண்டுகளே இருக்கின்றன. "துளை தூர்ந்துவிடக் கூடாது பாரு, அதுக்குத்தான்" என்று சிரித்தபடி அவள் அடுப்படிக்குச் சென்றாள். மகள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, தாயின் பின்னே எழுந்து போனாள்.