நொய்யற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆடி மாதத்தில் ஆற்றங்கரைக்குப் போகவேண்டும் என்பது தமிழ் மக்களின் பழைய வழக்கம். இவ்வருஷம் பதினெட்டாம் பெருக்கை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் காவிரிக்குப் போகாமல் நொய்யலுக்குப் போகிறோம் என்று நாம் சொன்னபோது நண்பர்கள் நகைத்தார்கள். "திருப்பூருக்குப் பனியன் வாங்கப் போவார்கள்; ஆறு பார்க்க யார் போவார்கள்?" என்றார் ஒருவர். பதில் சொல்லத் தோன்றாமல் வண்டி ஏறினோம்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் சற்றுத் தூரத்திலேயே குமரனின் நினைவகம். 1932-ஆம் வருஷம் ஜனவரி 10-ஆம் தேதி தேசக் கொடி ஏந்திச் சென்ற ஊர்வலத்தில் தடியடிபட்டு விழுந்து, மறுநாள் உயிர் நீத்தபோது அவருக்கு வயது 27. சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சிறிது நேரம் அங்கே நின்றுவிட்டு ஆற்றை நோக்கி நடந்தோம்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் ஜில்லாவில் நொய்யல் என்ற தன் பெயரையே தாங்கிய கிராமத்தருகே காவிரியில் கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். இரும்பு உருக்கி, கல்மணி அறுத்துத் தூர தேசங்களோடு வாணிபம் செய்த கொடுமணல் இதன் கரையில்தான் இருந்தது. இத்தனை பெருமைகளையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு வளர்மதி பாலத்தருகே போய் எட்டிப் பார்த்தோம். நேயர்கள் மன்னிக்க வேண்டும்; முதலில் கை தானாகவே மூக்கிற்குப் போயிற்று.

ஆற்றில் ஓடியது ஊர்ச் சாக்கடை. ஆயினும் கரை முன்போல் இல்லை. 2017-இல் திருப்பூர் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பின்னர், குப்பை மேடாகக் கிடந்த இரு கரைகளையும் செப்பனிடும் வேலையை மாநகராட்சி எடுத்துக்கொண்டது. தடுப்புச் சுவரும் பாதையும் மரக்கன்றுகளும் தோன்றின. பொங்கல் சமயத்தில் இக்கரையில் பானை வைத்து விழாவும் நடத்துகிறார்கள். ஞாயிறு மாலையானதால் நல்ல கூட்டம். ஆறு நாளும் பனியன் கம்பெனிகளில் நின்றே வேலை செய்த கால்கள் அன்று உலாவிக்கொண்டிருந்தன. ஒரிய பாஷையும் ஹிந்தியும் கொங்குத் தமிழும் காதில் விழுந்தன. பத்துக்குப் பத்து அறையில் நால்வர் ஐவராகத் தங்குகிறவர்களுக்கு இந்தப் பாதை எவ்வளவு பெரிய வீடு என்பதை அவர்கள் முகமே சொல்லிற்று.

ஒரு சிமெண்டுப் பெஞ்சில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். அருகில் இடம் கேட்டோம். "உக்காருங்க, உக்காருங்க. உங்களுக்கு எந்த ஊருங்க?" என்றார். சொன்னோம். பூங்கா எப்படி இருக்கிறது என்று கேட்டோம்.

"நல்லாத்தானுங்க இருக்குது. காத்தும் வருது, பேரப்புள்ளைகளும் விளையாடுது. ஆறு மட்டும் எங்கீங்கன்னுதான் கேக்கணும்."

அவருக்குச் சொந்த ஊர் ஒரத்துப்பாளையத்திற்குக் கீழே. அந்தப் பெயரைக் கேட்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சென்னிமலைக்கு அருகே, குடியானவர் பாசனத்திற்காக 1992-இல் நொய்யலின் குறுக்கே 40 அடி உயரத்தில் எழுந்தது ஒரத்துப்பாளையம் அணை. அதே காலத்தில்தான் திருப்பூரின் ஏற்றுமதி வளர்ந்து, சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க வேண்டுமானால் உப்பு ஏராளமாகச் சேர்க்க வேண்டும். நிறத்தை ஒருவாறு நீக்கிவிடலாம். கரைந்த உப்பை நீக்குவது எளிதன்று. அந்த உப்புத் தண்ணீர் முழுவதும் அணையில் போய்த் தேங்கியது. கிணறுகள் கரித்தன. பாசனத்திற்காகக் கட்டிய அணையைத் திறக்கவேண்டாம் என்று உழவர்களே மன்றாடும் விபரீதம் நேர்ந்தது.

"தென்னை பூராவும் குருத்து கருகிப் போச்சுங்க. மாடு அந்தத் தண்ணியை மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும். அப்புறம் பொழப்புக்கு இங்கயே வந்துட்டமுங்க. நான் பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன், பொண்டாட்டி கைமடி வேலை."

நிலத்தை எந்தத் தொழில் அழித்ததோ அந்தத் தொழிலே சோறு போட்டது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. அது நம்மை அதிகம் வருத்தியது.

நொய்யல் பாசன விவசாயிகள் வழக்குத் தொடுத்துப் பல வருஷம் போராடினார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலை ஏற்படும்வரை சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011-ஆம் வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி உத்தரவிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன, ஊரே ஸ்தம்பித்தது. பின்னர், நுண்ணிய சவ்வுகளில் நீரைப் பிழிந்து வடித்து, எஞ்சியதைக் காய்ச்சி உப்பைத் தனியே பிரித்தெடுத்து, இரண்டையும் மறுபடி சாயத்திற்கே உபயோகிக்கும் முறையைப் பெருஞ்செலவில் அமைத்தார்கள். திருட்டுத்தனமாகக் கழிவை விடும் பட்டறைகள் இன்னும் அகப்படுகின்றன என்றாலும், இத்தனை பெரிய தொழில் நகரம் இம்முறையை ஏற்றது பாரத தேசத்துக்கே புதுமை. இதைத் திருப்பூர்க்காரர்கள் தயங்காமல் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

காந்தியடிகளின் ஆசிரமம் இருந்த ஆமதாபாத்தும் துணி நெய்யும் நகரந்தான். அங்கே சபர்மதியின் இரு கரைகளிலும் நெடிய உலாச்சாலை அமைத்து 2012-இல் பொதுஜனங்களுக்குத் திறந்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அங்கே நிறைந்து நிற்பது நர்மதைக் கால்வாயின் நீர். கரையில் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதற்காக வெளியேறின. கொரியாவின் ஸியோல் நகரில் மேம்பாலச் சாலையை இடித்து 2005-இல் மீட்ட ஓடையிலும் பம்பு வைத்துத்தான் நீர் விடுகிறார்கள். இரவல் நீரால் ஆறு செய்யும் இந்த வழி நமக்கு உவப்பாயில்லை. திருப்பூருக்கோ ஏற்கெனவே குடிக்கவும் தொழிலுக்கும் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. காவிரிக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டிய ஆற்றின் கரையில் இருந்துகொண்டு காவிரியிடம் வாங்குகிறோம்! வீட்டுச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விட்டாலே, இப்பூங்காவின் ஓரத்தில் வருஷம் முழுதும் ஓட ஒரு நீரோட்டம் கிடைக்கும். கரைக்குக் கல் பதிப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை அது. கல் போட்டோவில் அழகாக விழுகிறது. சாக்கடைக் குழாய் மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது.

மறுநாள் காலை ஊத்துக்குளி வழியில் நஞ்சராயன் குளத்திற்குப் போனோம். நல்லாற்று நீர் வந்து தேங்கும் பழைய ஏரி. சுமார் 125 ஹெக்டேர். 2022-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது. அங்கே கல்லும் இல்லை, வர்ண விளக்கும் இல்லை. கூழைக்கடாக்கள் கப்பல்போல் மிதந்தன. பள்ளிச் சிறுவர் இருவர் எந்தப் பறவை எது என்று நமக்குப் பாடம் நடத்தினார்கள். நாம் இரண்டு தவறு செய்தோம்.

முந்தின மாலை பெஞ்சிலிருந்து எழுந்தபோது, "ஐப்பசியில வாங்க. மழை புடிச்சா ஆறு தன்னால வரும், அப்பப் பாருங்க, எங்க நொய்யலை" என்றார் பெரியவர். எந்தத் தேதி என்று கேட்டோம். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, தீபாவளி போனஸ் வாங்கின மறு ஞாயிறு, இதே பெஞ்சு என்றார்.